விட்டுப்போன ஒற்று

கல்லூரித் தகுதித் தேர்வின் வினாத்தாளைச் சரிபார்க்க வந்த ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், பதினேழாம் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

'இந்த மாணவி கல்லூரியில் படிக்க தகுதியற்றவர்.' பிழை திருத்துக.

"படிக்கத் தகுதியற்றவர். நடுவுல ஒரு 'த்' வரணும். இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும்."

"காலேஜுக்கு வர்றவங்க இந்தத் தப்பு பண்ணினா என்ன சார் செய்யலாம்?" என்று தேர்வுக் குழுத் தலைவி பணிவாகக் கேட்டாள். பிள்ளைகள் கல்லூரிக்குத் தயாரா என்று அளக்கும் ஆராய்ச்சியில் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். இந்த நாளுக்காகக் கொக்கு மாதிரி காத்திருந்தவள்.

"வாசப்படியே மிதிக்க விடக் கூடாது. ஒற்று போடத் தெரியாதவனுக்குப் படிப்பு ஒரு கேடா?"

"அதையே குறிப்புல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

'இப்பிழை செய்வோர் கல்லூரிக்கு லாயக்கற்றவர்' என்று அவர் அழுத்தி எழுதி, வால் சுழித்துக் கையெழுத்திட்டார்.

அவள் கைப்பையிலிருந்து, மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு கடிதத்தை எடுத்து அந்தக் குறிப்பின் பக்கத்தில் வைத்தாள். இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு அவளுடைய அக்காவுக்கு இடம் மறுத்து, ஒரு முதல்வர் கைப்பட எழுதியது. அன்று புத்தகத்தை மூடிய அக்கா, இன்றும் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடிதத்தில் அதே வரி. 'த்' இல்லை. கீழே அதே சுழித்த வால்.

முதல்வர் தான் எழுதிய குறிப்பை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

"கேள்வி நான் எழுதினதில்ல சார், நீங்க எழுதினதுதான். இந்த வருஷம் மூணு லட்சம் பிள்ளைங்க உங்களைத் திருத்தப் போறாங்க."