ஏரிக்கரை ஆந்தை

பல் டாக்டர் புளுகுவார் என்பது கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தலைமையாசிரியையுமா? அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பறவை பார்க்கும் சங்கத்தைச் சேர்ந்த இவர்கள் மூன்று பேரும் ஒரு சுற்று நடந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வந்து நின்றார் பீரங்கி. கேமராவில் அவர் மாட்டியிருக்கும் லென்ஸின் நீளத்தைப் பார்த்துச் சங்கம் வைத்த பெயர் அது.

"நம்ம ஊர்ல கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிச்சிருக்காமே! எங்கேன்னு சொல்லுங்க. இன்னைக்கே படம் எடுத்தாகணும்."

கண்ணாடிக் கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். போன வருஷம் இந்த மனுஷன், படம் தெளிவாக விழவேண்டுமென்று, ஒரு கூட்டை மறைத்த கிளையை ஒடித்துப் போட்டார். வெயில் தாங்காமல் குஞ்சுகள் செத்துப்போயின. படத்துக்கு மட்டும் ஊரெல்லாம் பாராட்டு.

ஆந்தை இருப்பது, மூடிக் கிடக்கிற அச்சகத்தின் பின்சுவர்ப் பொந்தில். கண்ணாடிக் கடைக்காரர் அதைத் தானாகவே கண்டுபிடித்து, கட்டின மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. கூடு எங்கே என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சங்கத்தில் அதுதான் வழக்கம். ஆனால் 'சொல்லமாட்டேன்' என்றால் பீரங்கி விடுகிற ஆளா? சந்து சந்தாக அலைந்தாவது கண்டுபிடித்துவிடுவார்.

"ஏரிக்கரையில சார்," என்று அடித்து விட்டார் கண்ணாடிக் கடைக்காரர். "அந்தக் கோடியில பட்ட மரம் ஒண்ணு நிக்குதே, அதுல. நேத்துகூடப் பார்த்தேன்."

"ஆமாமா, நானும் பார்த்தேன்!" டாக்டர் குறுக்கே புகுந்தார். "ரெண்டு குஞ்சு. அதுல ஒண்ணு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுது!"

அடப்பாவி! அந்த மரத்தில் ஈ, காக்கா கிடையாது.

"நான் வெள்ளிக்கிழமை பார்த்தேன்," என்றார் தலைமையாசிரியை, டீயை ஊதியபடி. புறாவைக்கூட இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் புறா என்று சொல்கிற அம்மாள்!

பீரங்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏரி இருக்கிற திசையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கண்ணாடிக் கடைக்காரர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். 'ஏன் பொய் சொன்னீங்க?' என்று இவர்களைக் கேட்டால், முதலில் சந்திக்கு வருவது அவருடைய பொய்யல்லவா?

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"பறவை பாக்கறவனுக்கு வாக்குதான் மரியாதை. பார்த்தா பார்த்தேங்கணும், பார்க்கலன்னா இல்லேங்கணும். பார்க்காததைப் பார்த்தேன்னு பீத்திக்கறவங்களோட எனக்கென்ன சகவாசம்? சங்கத்தை விட்டே விலகப்போறேன்."

"ஏங்க, நீங்களும் பொய்தானே சொன்னீங்க?"

"நான் சொன்னது ஆந்தைக்காக. அவங்க சொன்னது தற்பெருமைக்கு. ரெண்டும் ஒண்ணா?"

"அதானே, உங்க பொய்யின்னா அது பத்தரை மாத்துத் தங்கமாச்சே! சரி, ஆந்தை நிஜமா எங்கதான் இருக்கு?"

"அதைக் கேக்கக்கூடாது."

"நல்ல சங்கம், நல்ல ஆந்தை!" என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. ஆந்தை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அச்சகத்துப் பின்சந்துக்குள் பூனை மாதிரி நடந்து போனார்.

தகரப் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு தொப்பி அசைந்தது. டாக்டர்! பக்கத்தில், தரையில் செய்தித்தாளை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியை.

மூன்று பேரும் பேய் அறைந்த மாதிரி ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எப்படி... இந்த இடம்?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"மெதுவா பேசுங்க சார்," என்று கிசுகிசுத்தார் டாக்டர். "எனக்கு முட்டையா இருந்தப்பவே தெரியும். மேடத்துக்கு அதுக்கும் முன்னாடியே தெரியுமாம். இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் இங்க வந்து ஒருத்தருகிட்ட ஒருத்தர் மாட்டிக்கிட்டோம்."

"அப்போ காலையில ஏரிக்கரைல பார்த்தேன்னீங்களே?"

"அந்த ஆள் இந்தப் பக்கம் வராம இருந்தா போதும்னு, நீங்க சொன்னதுக்கு ஆளுக்கொரு ஆமா போட்டோம்."

பொந்தில் தாய் ஆந்தை கண்ணை மூடியிருந்தது. அதன் இறக்கைக்கடியில் இரண்டு குஞ்சுகள் முண்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று. காலையிலிருந்து இவர்களைத் திட்டின திட்டென்ன!

"உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே மேடம்," என்றார்.

தலைமையாசிரியையின் முகத்தில் அசடு வழிந்தது.

"நாங்க மட்டும் என்ன சார்? பார்க்காத ஆந்தையைப் பார்த்தேன்னு பீத்தின உங்களைச் சங்கத்தை விட்டே எடுத்துடலாமான்னு, இப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தோம்!"