இரண்டாம் ஒனிமாரு

“மனித குல வரலாற்றில் இப்படியொரு செவ்வாய்க்கிழமை இதுவரை உதித்ததில்லை, இனி உதிக்கப்போவதும் இல்லை!”

மைக்கில் முழங்கியவர் தொகுரா, ஒனிமாரு ரசிகர் மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர். கேட்டுக்கொண்டிருந்த மனித குலம் மொத்தம் மூன்று பேர். ஒசாகாவில் ஒக்கோனோமியாக்கி என்னும் முட்டைக்கோஸ் அடை விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில், வாடகைக்கு விடும் ஒத்திகை அறை அது. கீழே கல்லில் முட்டைக்கோஸ் பொரியும் வாசனை, வரலாற்றோடு சேர்ந்து மேலே வந்துகொண்டிருந்தது.

அறைக் கோடியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் மாஸ்டர் ஒனிமாரு. அறுபது தாண்டியும் இடுப்பு வரை கருகருவென்று முடி, மணிக்கட்டில் வெள்ளை லேஸ். பாக், பகனினி என்ற மேல்நாட்டுச் செவ்விசை மேதைகளின் இசையை மின்சாரக் கிதாரில் ஏற்றி, மின்னல் வேகத்தில் விரட்டிய மேதை என்று உலகம் அறிந்தவர்.

“இன்னிக்கு இந்த நாட்டுல வேகமா ஓடுற ஒவ்வொரு விரலும் மாஸ்டர் போட்ட பிச்சை! கபுகி நாடக நடிகர்கள் தலைமுறை தலைமுறையா பேரை ஒப்படைக்கிற மாதிரி, மாஸ்டரும் ஒரு வாரிசைத் தேடினார். நாடு பூரா சலிச்சதுல மிஞ்சினது நம்ம ஹிரோபே சான்!”

மிஞ்சிய ஹிரோபே எழுந்து குனிந்து வணங்கினார். நாற்பது வயது. முடி, லேஸ் எல்லாம் மாஸ்டரைப் போலவே. தொப்பை மட்டும் சொந்தம்.

“இந்தாளு எப்பங்க நிறுத்துவாரு?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டாள் அவர் மனைவி சனாயே. “நம்ம பேச்சு ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்குத் தேறலேன்னா கிதாரை வித்துட்டு, நாளைக்குக் காலையில எங்கப்பா சாஸ் கம்பெனியில வந்து நிக்கணும்.”

“இருக்கு.”

“முடியையும் வெட்டணும். சாஸுல விழும்.”

“ம்.”

“கல்யாணமானதுலேருந்து வீடு பூரா கொசு பறக்கிற சத்தம்...”

“அது கொசு இல்ல சனாயே, ஹார்மோனிக் மைனர் ஸ்வர வரிசை.”

“கொசுன்னா அடிச்சாவது தொலைக்கலாம்.”

தொகுரா கையை உயர்த்தினார். “மாஸ்டர் உருவத்தைப் பார்க்க மாட்டார். ஓசையை மட்டுமே பார்ப்பார். ஆரம்பிங்க!”

ஹிரோபே கிதாரை மாட்டிக்கொண்டார். சாஸ் கம்பெனி வெங்காய மூட்டைகளும் மாமனார் முகமும் கண்முன் ஒருமுறை வந்துபோயின. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். மாஸ்டரின் முதல் இசைத்தட்டில் கேட்டு, பைத்தியம் பிடித்து, இளமை முழுவதையும் தொலைத்த அதே பாட்டு. விரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. கொதிக்கிற எண்ணெயில் கடுகைக் கொட்டியது போல அறை முழுக்க ஸ்வரங்கள் வெடித்தன. கீழே கடையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

முடிந்தபோது மாஸ்டர் நாற்காலியோடு திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

“அச்சு அசல் அதேதான்,” என்றார். “கண்ணை மூடினா வித்தியாசமே தெரியல.”

தொகுரா மைக்கைக் கீழே வைத்துவிட்டார். மாஸ்டர் யாரையும் பாராட்டி அவர் கேட்டதில்லை.

“சில கேள்வி கேக்கணும்,” என்றார் மாஸ்டர். “இருட்டுல, நிழல்கூட வெளியே தெரியாம, ரெண்டு மணி நேரம் நிக்க முடியுமா உங்களால?”

ஹிரோபே திடுக்கிட்டுத் தலைவரைப் பார்த்தார்.

“ஜென் தத்துவம்!” என்று கிசுகிசுத்தார் தொகுரா. “நிழலையே துறக்கச் சொல்றார்! முடியும்னு சொல்லுங்க!”

“முடியும் மாஸ்டர்.”

“அடிக்கடி தும்முவீங்களா?”

“மூச்சுப் பயிற்சி!” என்று கண் கலங்கினார் தொகுரா. “யோகிகள் கேக்கிற கேள்வி!”

“தும்ம மாட்டார்,” என்று குறுக்கே புகுந்தாள் சனாயே. “அந்தக் கொசுச் சத்தம் இல்லேன்னா, இவர் வீட்டுல இருக்கிறதே எனக்குத் தெரியாது.”

மாஸ்டர் அவளை மிகுந்த மரியாதையுடன் பார்த்தார். பிறகு ஹிரோபேயிடம் திரும்பினார். “ஜனங்க கைதட்டினா உங்க மனசு என்ன பண்ணும்?”

“அது எனக்கில்ல, உங்களுக்குன்னு நினைச்சுக்குவேன் மாஸ்டர்.”

மாஸ்டர் எழுந்து வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். “நீங்கதான். சனிக்கிழமை டோக்கியோ கச்சேரியில ஆரம்பிக்கிறோம்.”

ஹிரோபே நெற்றி தரையில் படக் கவிழ்ந்து அழுதார். சனாயே பிளந்த வாயை மூடவில்லை. அப்பாவுக்கு அனுப்ப வைத்திருந்த செய்தியைச் செல்போனில் ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தாள்.

“இரண்டாம் ஒனிமாரு வாழ்க! பான்ஸாய்! பான்ஸாய்!” என்று ஒற்றை ஆளாகக் கூவிய தொகுரா, மாஸ்டரின் புகழ்பெற்ற வெள்ளைக் கிதாரை இரு கைகளாலும் ஏந்திவந்து நீட்டினார். “மாஸ்டர், வாரிசுக்கு ஒரே ஒரு வரி வாசிச்சுக் காட்டி ஆசீர்வாதம் பண்ணணும்.”

மாஸ்டர் கிதாரைத் தொடவில்லை. போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

“இரண்டாவது இல்ல தொகுரா சான், இவர் நாலாவது ஆள்,” என்றார். “இப்ப திரைக்குப் பின்னால நின்னு வாசிக்கிறவருக்கு விரல் மடங்க மாட்டேங்குது, நான் முன்னால நின்னு முடியை மட்டும்தான் ஆட்டுவேன்.”