டிராக்டருக்குப் பின்னால்

"ஹாரனை அடிச்சுக் கிழிச்சது போதும். அவருக்குக் காது கேக்காது" என்றாள் என் மனைவி டோரிஸ்.

"அதெல்லாம் நல்லாவே கேக்கும். வேணும்னே ஊர்றான் கிழவன்!"

முன்னால் கிழவன் ஓரஸ்ட்டின் டிராக்டர். அதன் பின்னால் ரோட்டையே அடைக்கிற கலப்பை. கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாண ரோட்டில் போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். முந்த வழியே இல்லை.

பத்து மணிக்குப் பக்கத்து ஊரில் பண்ணை ஏலம். நான் கண் வைத்திருந்த விதைப்பு மெஷின் முதலிலேயே போய்விடும்.

"தம்பி தாரஸுக்கு இன்னிக்கு அடக்கம், வாங்கன்னு வீடு வீடா வந்து கெஞ்சினான்ல? இப்பப் பாரு, அண்ணன்காரனே உழக் கிளம்பிட்டான். வெட்கங்கெட்டவன்!"

"நீங்க போறீங்களாக்கும்?"

"நான் எதுக்குப் போகணும்? தன் வயல் தண்ணிய என் வயல்ல திறந்துவிட்ட பய அந்தத் தாரஸ். ஊர்ல யாரை விட்டுவச்சான்?"

எதிரே வந்த லாரி புல்லில் இறங்கி நின்றது. டிரைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அடுத்து வந்த காரும் அப்படியே.

"இவனுங்களுக்கு என்ன கேடு?"

டோரிஸ் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நமக்குப் பின்னால எத்தனை வண்டி பாருங்க. எல்லாம் விளக்கைப் போட்டுக்கிட்டு ஊர்ந்து வருது. சாவு ஊர்வலம்னு நினைச்சுட்டாங்க."

"ஆமாமா, செத்தது என் ஏலம்தான்!"

கல்லறைத் தோட்டத்து வாசலில் டிராக்டர் நின்றது. நடு ரோட்டில். நானும் பின்னால் வந்தவர்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினோம்.

ஓரஸ்ட்டும் இறங்கினான். கோட்டு, டை. கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. மேலே தாரஸின் பெயர். உள்ளே அவன் சாம்பல்.

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். பாதிரியார் மட்டும் குழியருகே ஒண்டியாக நின்றுகொண்டிருந்தார்.

கிழவன் எங்களைப் பார்க்கவே இல்லை. வரிசையின் கடைசிவரை விரல் நீட்டி எண்ணினான். பிறகு பெட்டியைக் குனிந்து பார்த்துச் சொன்னான்:

"பதினேழு வண்டிடா, தாரஸ்! நம்ம அப்பனுக்கே ஒன்பதுதான் வந்துச்சு."