ரிமோட் வேண்டாம்

"ரிமோட் இல்லாததா ஒண்ணு காட்டுங்க தம்பி."

கடைக்காரர் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடமாக ஸ்பீக்கர் விற்கிறார். ரிமோட் தொலைந்துபோய் வந்தவர்கள் உண்டு. வேண்டாம் என்று வந்தவரை இன்றுதான் பார்க்கிறார்.

"இப்ப எல்லாத்துக்கும் ரிமோட் கூடவே வரும்மா."

"வந்தா அதை நீங்களே வச்சுக்கங்க."

"யாருக்கு வாங்கறீங்க?"

"வீட்டுக்காரருக்கு. அவருக்குப் பாட்டுன்னா உயிர்."

"சார் வரலையா?"

"கார்ல இருக்கார்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எட்டுப் படிகளுக்குக் கீழே, ஒரு சின்னக் கார். முன் இருக்கையில் நரைத்த தலை ஒன்று கடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்கப்போறவர் அவராச்சே. உள்ள வரச் சொல்லுங்களேன்."

"வேண்டாம். நான் பார்த்தா போதும்."

கடைக்காரர் ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கரின் மேல் கைவைத்தார்.

"இதைப் பாருங்க. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கு. தனிப் பெட்டி கிடையாது, ஒயர் சிக்கல் கிடையாது. சார் உட்கார்ந்த இடத்துலேர்ந்து போனைத் தொட்டா பாடும். நாள் பூரா நிக்காம பாடும்."

"நிக்காம பாடணும்னு யார் கேட்டா? ஆம்ப்ளிஃபயர் தனியா இருக்கிறதைக் காட்டுங்க."

"விலை கூடும். வேலையும் கூடும்."

"கூடட்டும். எங்க ஹால் நீளம். ஸ்பீக்கர் ரெண்டும் அவர் நாற்காலிக்கு எதிர்ல. ஆம்ப்ளிஃபயரும் பழைய ரெக்கார்ட் பிளேயரும் அந்தக் கோடியில. ஒயர் வருமா?"

"எவ்வளவு தூரம்?"

"நடந்து பார்த்துட்டேன். இருபத்திரண்டு எட்டு."

"ஹாலா, மைதானமா?"

"சின்னச் சின்ன எட்டு."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ஒயர் வரும்மா. ஆனா சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கணும்னாகூட சார் அந்தக் கோடிக்குப் போகணுமே?"

"போகட்டும்."

"ரெக்கார்ட் ஒரு பக்கம் இருபது நிமிஷம்தான். முடிஞ்சா மறுபடி போய்த் திருப்பிப் போடணும்."

"போடட்டும்."

"தப்பா நினைக்காதீங்க. சார் மேல ஏதாவது கோபமா?"

"முப்பத்தெட்டு வருஷமா இருக்கு," என்றார் அந்த அம்மாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அலமாரியில் ஐந்து ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. ஒன்றிலும் அந்த அம்மாள் ஒரு பாட்டுகூடப் போடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் குமிழையும் திருகிப் பார்த்தார். "இது வழுக்குது. கெட்டியா இருக்கிறது வேணும். விரல் அழுத்திப் பிடிச்சாத்தான் திரும்பணும்." நான்காவது அவருக்குப் பிடித்தது. எல்லோரும் இறுக்கமாக இருக்கிறது என்று ஒதுக்கியது அது.

கடைக்காரர் மறுபடி வெளியே பார்த்தார். கடை வாசல் ஸ்பீக்கரில் ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காரின் ஜன்னல் விளிம்பில் அந்த மனிதரின் இடது கை விரல்கள் தாளம் தட்டின. ஒரு தட்டுகூடத் தப்பவில்லை.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் விற்கும் அவருடைய சொந்த ஸ்பீக்கர் வீட்டுப் பரணில் துணி சுற்றிக் கிடக்கிறது. தொலைக்காட்சிக்கு இடைஞ்சல் என்று அவர் மனைவி ஏற்றிவைத்தது. பாட்டுக் கேட்கும் புருஷன் படும் பாடு அவருக்குத் தெரியும். அவருக்காவது பரணோடு போயிற்று. இந்த மனிதரை இந்த வயசில் ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அலைய விடப்போகிறார்கள்.

அந்த அம்மாள் பணம் கட்டப் போன நேரத்தில், கடைக்காரர் ரிமோட்டை ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் தெர்மாகோலுக்குள் செருகிப் பெட்டியை ஒட்டினார்.

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படி இறங்கினார். பின் இருக்கையில் வைத்தார். அந்த அம்மாள் ஸ்பீக்கர்களை எடுத்துவரக் கடைக்குள் திரும்பியதும், முன் ஜன்னலில் குனிந்தார்.

"சார், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ரிமோட்டைப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். ஒரு பட்டனை அழுத்தினா போன்ல இருக்கிற பாட்டெல்லாம் வரும். நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்."

அந்த மனிதர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"எடுத்துடுங்க தம்பி. டாக்டர் சொன்னாலும்... நடக்க மாட்டேன். இவ அழுதாலும்... மாட்டேன். பாட்டு நின்னா... எழுந்திருப்பேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ரிமோட் வேண்டாம்னு... அவகிட்ட சொல்லி அனுப்பினதே... நான்தான்."