காற்று போகும் வழி

"டெய்லரண்ணே, இந்த வண்டியை உங்க தலையில கட்டுன புண்ணியவான் யாரு?"

சிரித்துக்கொண்டே கேட்ட மெக்கானிக், ஸ்டார்ட் ஆகாத பைக்கின் கிக்கரைக் கையாலேயே அழுத்திக் காட்டினார். தண்ணீர் வற்றிய அடிபம்பின் கைப்பிடி மாதிரி அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கீழே போய் மேலே வந்தது.

தையல்காரர் பட்டறைத் தரையில் சிந்தியிருந்த ஆயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் வரை சூடேறியிருந்தது.

மேடு பள்ளத்தில் பாய்கிற சைனா பைக் அது. மகள் ஆசைப்பட்டாள் என்று பழைய வண்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மாமா இந்தக் கூத்து?" என்று கேட்ட மச்சானை, "உன் பையனைவிட நல்லா ஓட்டுவா, வந்து பாரு" என்று வாயடைக்க வைத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே பந்தயத்துக்கு அழைத்திருந்தார்.

"எங்கப்பாவைக் கிண்டல் பண்ணாதீங்க மாமா," என்றாள், வண்டியின் சின்னச் சின்ன வேலைகளைத் தானே செய்துகொள்ளும் மகள். "பழைய வண்டிதானே, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும். பார்ட்ஸ் வர ஒரு மாசமாவது ஆகும்ல?"

"பொறு பாப்பா. இங்க டாக்டர் நீயா, நானா?"

மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தினார். கிக்கரை மிதிக்க மிதிக்க, முள் சோம்பேறித்தனமாய்க் கொஞ்சம் எழுந்து படுத்துக்கொண்டது. கேஜை எடுத்துவிட்டு, ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு, கேஜை மாட்டி மறுபடி மிதித்தார். முள் படுத்த இடத்திலேயே கிடந்தது.

"ரிங் தேஞ்சிருந்தா, ஆயில் போய் இடுக்கை அடைச்சு முள்ளு ஏறியிருக்கும். ஏறலையே! ரிங் கல்லு மாதிரி இருக்கு. காத்து மேல வால்வு வழியாத்தான் ஓடுது."

அவர் ஸ்பேனரைத் தேடி எடுத்தார். தையல்காரர் மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து, காலியாகக் கிடந்த ஸ்டூலைத் துடைத்துவிட்டு அதில் உட்காராமலேயே நின்றார்.

எஞ்சின் தலையில் இருந்த சின்ன மூடிகள் இரண்டும் கழன்றன. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுபோனது.

"அண்ணே, இது தானா ஆனது இல்ல. யாரோ வேணும்னே கை வெச்சிருக்காங்க."

"என்ன சொல்றே?"

"பாப்பா பந்தயத்துக்குப் போகக்கூடாதுன்னு பண்ணியிருக்காங்க. உங்க மச்சான் பையனும் அதே பந்தயத்துல ஓட்டுறான்ல? வரச் சொல்லுங்க அவனை. நாலு பேரு முன்னாடி வெச்சுக் கேட்டுடலாம்." பேசிக்கொண்டே அவர் போனை எடுத்தார்.

"வேணாம்!" தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பையன் பாவம். நான்தான் பண்ணினேன்."

அவர் மகளைப் பார்க்காமல், வண்டியின் சக்கரத்திடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"போன வாரம் பழகும்போது நீ விழுந்தே, வண்டி உன் மேல கிடந்துச்சு. நீ சிரிச்சுக்கிட்டே எழுந்ததும் எல்லாரோடயும் சேர்ந்து நானும் கை தட்டினேன். அதுக்கப்புறம் எனக்கு ஊசியில நூல் கோக்க முடியலம்மா. ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டு, போகாதேன்னு எந்த வாயால சொல்றது? அதான் காலையில நீ குளிக்கப் போனப்ப, டேங்குல ரெண்டு கை சர்க்கரையை அள்ளிப் போட்டுட்டேன்."

மச்சானிடம் மார்தட்டிய மனுஷன், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் டேங்கைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சர்க்கரை பெட்ரோல்ல கரையாதுண்ணே. இதோ, அடியில மணல் மாதிரி கிடக்கு. டேங்கைக் கழட்டிக் கழுவினா முடிஞ்சது கதை. எஞ்சின்ல காத்தழுத்தம், அதான் கம்ப்ரஷன், போனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்போ அது?"

"வால்வு ரெண்டும் மூடவே முடியாதபடி, மேல இருக்கிற திருகை இறுக்கி, நட்டையும் அழகாப் பூட்டி வெச்சிருக்கு. ஒரு கீறல் இல்ல. எப்ப வேணும்னாலும் சரி பண்ணிக்கலாம், வண்டிக்கும் சேதம் வரக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்காங்க. இது சர்க்கரை அள்ளிப் போட்ட கை இல்லண்ணே. ஸ்பேனர் பிடிச்சுப் பழகின கை."

தையல்காரர் கைக்குட்டையை இறக்கினார். "வண்டி எங்க வீட்டு ஷெட்டை விட்டு எங்கேயும் போகலையே! பூட்டின ஷெட்டுக்குள்ள யாரு வந்திருப்பா?" என்று மகள் பக்கம் திரும்பினார்.

அவள் கையிலிருந்த அழுக்குத் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுப்பா."