காலியாக இருந்த கட்டம்

மண்சரிவு அபாயமுள்ள தேயிலைத் தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்குப் புது வீடு கொடுக்கும் பட்டியல் அன்று காலைதான் இணையத்தில் ஏறியது. முடிவு தெரியவேண்டிய கட்டம் மட்டும் எல்லாருக்கும் காலியாகவே இருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை, பதுளையில் ஒரு கணினி நிறுவனத்தில் இருந்த கலாராணியின் தலையில் விழுந்தது.

மதியத்துக்குள் ரெங்கம்மா நாலாவது தடவையாகப் போன் பண்ணிவிட்டாள்.

"என் பேருக்கு நேரா ஏதும் வந்துருச்சா? மழை வேற புடிச்சிக்கிச்சு. பின்பக்கச் செவுரு வெடிச்சிருக்கு."

"இன்னும் இல்ல. கொஞ்சம் பொறுங்க."

கூட வேலை பார்க்கும் ஜீவன் சலித்துக்கொண்டான். "என்னாதான் கோளாறு அக்கா?"

"அந்தக் கட்டத்தோட பேருக்கு நடுவுல சர்வர் ஒரு அடிக்கோடு போட்டு அனுப்புது. ஸ்கிரீன் அடிக்கோடு இல்லாமத் தேடுது. அப்புறம் எப்படிக் கெடைக்கும்? அனுப்புறப்பவே எல்லாக் கட்டத்தோட பேரையும் அடிக்கோடு இல்லாம மாத்திவிடணும்."

கண் எரிய எரிய உட்கார்ந்து, மூன்று மணிக்கு அந்த மாற்றத்தை எழுதி முடித்தாள். கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. ஜீவன் கைதட்டினான்.

கலாராணி ரெங்கம்மாவின் பெயரைத் தேடிப்பிடித்துப் படித்தாள்.

'நிராகரிக்கப்பட்டது. காரணம்: மகள் பதுளையில் கணினி நிறுவனமொன்றில் நல்ல வேலையில் இருக்கிறார்.'

அதை இரண்டு தடவை படித்தாள். அதற்குள் மறுபடியும் போன் அடித்தது.

"வந்துருச்சா புள்ள?"

"வந்துருச்சும்மா," என்றாள் கலாராணி. "என் ரூம் சின்னதுதான். சாமானக் கட்டி வைங்க, கூட்டிட்டு வர நானே வர்றேன்."