விடியற்காலையில் எடுத்த அளவு

இரண்டு ஜாக்கிகளையும் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டுக்கும் அடியில் சக்கரம் உண்டு. வண்டிக்குக் கீழே தள்ளிவிட்டுக் கைப்பிடியை அழுத்தி அழுத்தி விட்டால் காரை அப்படியே தூக்கிவிடும்.

என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை பார்ப்பதுபோல இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற அமரப் பார்க்கிற நேரமா இது?

முன்பக்க ஆக்சில் உடைந்து கார் தெருவோரம் நின்றுவிட்டது. ஓடாமல் நிற்கிற வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போக நாளைக் காலை இழுவை வண்டி வருகிறதாம். எதிரே இருக்கும் மாடிக் கட்டடத்தின் காவலாளி காதில் போட்டுவைத்தார். கொண்டுபோய்விட்டால் மீட்பது எங்களால் ஆகிற காரியமில்லை.

இருட்டிவிட்டால் ஆக்சில் மாட்ட முடியாது, இன்று இருட்டுவதற்குள் அது நகர்ந்தாக வேண்டும். இப்போதெல்லாம் சீக்கிரம் வேறு இருட்டித் தொலைக்கிறது.

பழைய இரும்புக் கடையில் ஆக்சில் கிடைத்துவிட்டது. இந்த மனுஷனுக்கு வேறு எதற்கும் துப்பில்லாவிட்டாலும் ஸ்பேனர் பிடிக்க வரும். ஆனால் காரோடு வந்த ஜாக்கி மரை தேய்ந்து செத்துப்போய்விட்டது. வண்டியைத் தூக்காமல் எதையும் மாட்ட முடியாது.

நீலம் எங்கள் கைக்கு அடக்கம். சிவப்பின் விலையைக் கேட்டதுமே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்தார். தரைக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள உயரத்துக்கு அதை ஒடித்து வைத்திருந்தார்.

நீல ஜாக்கியின் பக்கத்தில் குச்சியை நிறுத்தினார். ஜாக்கி ஒரு விரல் உயரம் கூடுதல்.

சிவப்பின் பக்கத்தில் நிறுத்தினார். அது அடக்கமாகக் குச்சிக்குக் கீழே இருந்தது.

"உங்க வண்டி ரொம்பத் தணிஞ்சு கிடக்கு சார். நீலம் அடியில போகவே போகாது. இதான் போகும்," என்று கடைக்காரர் சிவப்பைக் காலால் தள்ளிக் காட்டினார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். காதிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. எதற்கு என்னைப் பார்க்கிறார்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இத எப்ப அளந்தீங்க?"

"விடியக்காலைல."

"நல்லா அளந்தீங்க போங்க. அப்ப கம்மியாத்தான் இருக்கும்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "காலைல ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவா? அது என்ன வண்டியாக்கா, நிழலா?"

நாங்கள் சிரிக்கவில்லை.

அவர் குச்சியை ஒடித்தபோது நாங்கள் மூன்று பேரும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் மாமியார், அவர் காலடியில் எங்கள் பெண், முன்சீட்டில் நான். டிக்கியில் அடுப்பு, பாத்திரம், துணிமூட்டை, என் தையல் மிஷின். வீட்டைக் காலிசெய்த நாளிலிருந்து எல்லாம் அதற்குள்தான்.

காலி வண்டி என்று ஒன்று உண்டு என்பதே இந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது. கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

எல்லாரும் இறங்கி எல்லாவற்றையும் இறக்கினால், அமுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங் நிமிர்ந்து வண்டி இரண்டு விரலாவது மேலே வரும். நீலம் தாராளமாக நுழையும்.

இறக்கி வைக்க நடைபாதையை விட்டால் வேறு இடமில்லை. முட்டி மடக்க முடியாத மாமியாரைப் பட்டப்பகலில் அங்கே உட்கார வைக்க வேண்டும். இத்தனை நாள் மூடி மூடி வைத்ததைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும், மானத்தைக் கட்டிக்கொண்டு எங்கே படுப்பது?

"நீலத்தையே குடுங்க," என்றேன்.

வீட்டுக்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டு வேகமாக நடந்தார். பின்னாலேயே நான் ஓடினேன்.

தெருமுனை திரும்பியதும் அவர் கால் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. எங்கள் பெண் சிநேகிதிகளோடு அந்த மாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றிருந்தாள். எதிரில் நிற்கிற எங்கள் வண்டியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

கையை உயர்த்தி, தன் வீட்டைக் காட்டுவதுபோல மூன்றாவது மாடி பால்கனியைக் காட்டினாள். என்னவோ சொன்னாள். கூட இருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. ஒருத்தி அதைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அதுங்க போகட்டும்," என்றார் வீட்டுக்காரர். ஜாக்கியை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

பிள்ளைகள் போகவில்லை. பைகளை வாசற்படியில் வைத்துவிட்டு விளையாட ஆரம்பித்தார்கள். எங்கள் பெண்ணின் சிரிப்பு எல்லார் சிரிப்புக்கும் மேலே கேட்டது. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை.

வெயில் மூன்றாவது மாடி வரை ஏறி, அங்கிருந்தும் போய்விட்டது. தெருவிளக்கு எரிந்தது.

நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை.